மைலுக்கு ஒரு கோப்பை

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இருபத்து மூன்று நாட்கள். இதுவரை முப்பத்தொரு பேர் பார்க்க வந்திருக்கிறார்கள். முப்பத்தொரு பேரும் கேட்டது ஒரே கேள்வி: தண்ணீர் குடித்து ஒரு மனிதனுக்கு நோய், வருத்தம் வருமா? முதல் பத்துப் பேருக்கு விளக்கமாகச் சொன்னேன். அடுத்த பத்துப் பேருக்குச் சுருக்கமாகச் சொன்னேன். மிச்சப் பேருக்கு என் மனைவி புவனேஸ் சொன்னாள். அவள் சொல்லும்போது நான் இன்னும் பெரிய மடையனாகத் தெரிகிறேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். இனி வருகிறவர் கதிரையில் இருந்து இதை வாசித்துவிட்டுத் தேநீர் குடித்துப் போகலாம்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. தம்பலகாமத்தில் ஒரு நெல் களஞ்சியத்துக்குப் பொறுப்பாளர். வீடு துறைமுகத்துக்குக் கிட்ட. இடையில் பதினைந்து மைல். பஸ் வந்தால் வரும்; வராவிட்டால் ஏன் என்று கேட்க முடியாத காலம். ஆகவே ஆடி மாதத்திலிருந்து சைக்கிளில் போய்வந்தேன். அதே மாதம் கிளினிக்கில் எனக்குப் பிரஷர் இருக்கிறது என்று ஒரு வெள்ளைக் குளிசை தந்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். எவ்வளவு குறைப்பது என்று சொல்லவில்லை. அளவு சொல்லாத இடத்தில் நான் பூச்சியத்தை எடுத்துக்கொள்கிறவன். அன்றிலிருந்து என் சோற்றிலும் கறியிலும் உப்பு நின்றுபோனது.

வெயிலில் சைக்கிள் ஓடும்போது என்ன குடிப்பது என்பதில் வீட்டில் மூன்று கட்சி இருந்தது. புவனேஸ், தேசிக்காயும் உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் என்றாள். அவளுடைய தம்பி ரத்தினம் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கொம்பனியில் வேலை. யாரோ ஒரு மாலுமி கொடுத்தான் என்று ஒரு பேணி கொண்டுவந்தான். உள்ளே செம்மஞ்சள் பொடி. வெளியே சைக்கிளில் குனிந்தபடி பறக்கும் ஒரு வெள்ளைக்காரனின் படம்.

"அத்தான், அங்க சைக்கிள் ஓட்டக்காரர் வெறுந்தண்ணியைத் தொடவும் மாட்டினம். இதைத்தான் குடிக்கினம்."

எனக்குக் களஞ்சியத்தை எட்டரைக்குத் திறந்தால் போதும், ஒருவரையும் முந்த வேண்டியதில்லை என்றேன். மூன்றாவது கட்சி நான்: கொதித்து ஆறிய தண்ணீர், வேறொன்றும் இல்லை. ஒரு பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில், தாகம் எடுத்த பிறகு குடிப்பது பிந்திய வேலை, அதற்கு முன்பே குடித்துவிட வேண்டும் என்று போட்டிருந்தது. முன்பே என்றால் எப்போது? அவர்களும் சொல்லவில்லை. நான் மைல்கல்லை எடுத்துக்கொண்டேன். மைலுக்கு ஒரு கோப்பை.

ஆனாலும் நீதியாக நடக்க வேண்டும் என்று ஒரு பரிசோதனை செய்தேன். ஆறு நாள் பொடி, ஆறு நாள் தண்ணீர். பையில் ஒரு சின்னக் கொப்பி. 'பொ' என்றால் பொடி, 'த' என்றால் தண்ணீர். மைல்கல், கோப்பை, மணி. வழியில் நான்கு இராணுவச் சாவடிகள். அவற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரை இலக்கம் போட்டு, எந்தச் சாவடிக்கு எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மணிக்கு விட்டார்கள் என்பதையும் குறித்தேன். அப்போது அதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

போத்தலோடு போகிறவர் சாவடியில் அதைத் திறந்து ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும். பெற்றோல் கொண்டுபோகிறவன் குடிக்க மாட்டான் என்பது அவர்களின் கணக்கு. தண்ணீர் என்றால் ஒரு மடக்கோடு விடுவார்கள். செம்மஞ்சள் நிறத்தில் ஒன்றை நீட்டினால்? முதலாம் நாள் முதலாம் சாவடியில் அரைப் போத்தல் குடிக்க வைத்தார்கள். பிறகு கொஞ்சத்தைக் கடதாசியில் ஊற்றி நெருப்புக்குச்சி கிழித்துப் பார்த்தார்கள். அது எரியவில்லை, அதற்காகவும் சந்தேகப்பட்டார்கள். இருபத்திரண்டு நிமிடம். மூன்றாம் நாளோடு பொடியைப் போட்டியிலிருந்து விலக்கினேன். கொப்பியின்படி தண்ணீர் குடித்த நாட்களில் நான் விரைவாகப் போய்ச் சேர்ந்திருந்தேன். தண்ணீர் வென்றது என்று கீழே கோடு போட்டு எழுதினேன். நான் அளந்தது பானத்தை அல்ல, சாவடியை என்பது இப்போது எனக்குத் தெரியும். ரத்தினத்துக்கும் தெரியும். அவன் அதை நாளுக்கு இரண்டு தடவை சொல்கிறான்.

ஆவணி மாதத்து மூன்றாம் கிழமை தலையிடி தொடங்கியது. வயிற்றைப் பிரட்டியது, கால் குழைந்தது. வெயில் என்று நினைத்தேன். வெயிலுக்கு மருந்து தண்ணீர். களஞ்சியத்திலும் இடைக்கிடை குடித்தேன். ஒரு நாள் நெல் மூட்டைகளை மூன்று தடவை எண்ணி மூன்று விடை வந்தது. இருபத்தெட்டு வருடத்தில் அப்படி வந்ததில்லை. அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் திரும்பி வரும்போது பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மூன்றாம் சாவடியில் நின்றது நினைவு. அதற்குப் பிறகு நடந்தது பிறர் சொன்னது. வழக்கமாக அங்கே நிற்கும் இளம் சிப்பாய் என் பெயரைக் கேட்டிருக்கிறான். நான் "பதினொரு கோப்பை" என்றேனாம். எங்கே போகிறாய் என்றதற்கும் அதே பதில். குடித்திருக்கிறேன் என்று நினைத்து, போத்தலில் என்ன என்று பார்க்க, வழமைபோலக் குடிக்கச் சொன்னான். குடித்தேன். குடித்தபடியே விழுந்து வலிப்பு வந்ததாம். அவன் துவக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்து, தன் இடுப்பிலிருந்த, பெட்டி பூட்டும் திறப்புக்கோர்வையை என் கைக்குள் திணித்திருக்கிறான். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது எங்களுக்கு மட்டுமில்லை, அவர்களுக்கும் வழக்கம். அதனால் வலிப்பு நிற்காது என்று டொக்டர் பிறகு சொன்னார். ஆனால் நான் கையை விரிக்கவில்லை. அவனுடைய மூன்று திறப்புகளோடுதான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன்.

என் பை சாவடியில் நின்றுவிட்டது. பைக்குள் கொப்பி. ஒன்று முதல் நான்கு வரை சாவடிகள், போன மணி, விட்ட மணி, மூன்று கிழமைக்கு. இந்தக் காலத்தில் இங்கே இருக்கும் எவருக்கும் அப்படிப்பட்ட கொப்பி வைத்திருந்தவனை எங்கே கொண்டுபோவார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அன்று மாலையே ஒரு பொலிஸ்காரர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வாங்கு போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வாட்டு டொக்டர் ஒரு பெண்பிள்ளை, எங்கள் பக்கத்தவர், நிதானமானவர். மூளை மலேரியாவா என்று இரத்தத்தைப் பார்த்தார், இல்லை. மூளையில் கட்டியா, இந்த வயதில் புதிதாகத் தொடங்கும் வலிப்பு நோயா என்று யோசித்தார். இரத்தத்தில் உப்பு எவ்வளவு என்று பார்க்கும் வசதி அப்போது கைவசம் இல்லை. மாதிரியை வெளியூருக்கு அனுப்பி, விடை வர இரண்டு நாள். வலிப்பு நோய் என்று அட்டையில் எழுதினால் சைக்கிள் ஓட முடியாது. சைக்கிள் ஓடாதவன் தம்பலகாமம் போக முடியாது, வேலை போய்விடும். கட்டி என்றால் அதைப் பற்றி எழுதத் தேவையில்லை. புவனேஸ் இதையெல்லாம் வாட்டுக்கு வெளியே வாங்கில் இருந்து தனியாக யோசித்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் பார்வையாளர் நேரம். எல்லோருக்கும் ஒரே முடிவு: மனிதன் வெயிலில் விழுந்தவன், குடிக்கக் கொடுங்கள். ஒருவர் இளநீர். ஒருவர் பார்லி. ரத்தினம், வேறென்ன, செம்மஞ்சள் பொடியைக் கரைத்து ஒரு போத்தல். என் அலுவலகத்தார் சோடா. குடித்தது போதாது என்று பக்கத்து வீட்டு அம்மா செம்பில் தண்ணீர். எனக்கு அரைகுறை நினைவு. வாயில் வைத்ததை விழுங்கினேன். என்னைக் காப்பாற்ற வந்த ஐந்து தரப்பும் சேர்ந்து ஒன்றரை மணித்தியாலத்தில் ஊற்றியது இரண்டு லீற்றருக்கு மேல். பதினொரு மணிக்கு இரண்டாவது வலிப்பு வந்தது. முதலாவதைவிட நீளமாம்.

டொக்டர் வந்து, கட்டிலைச் சுற்றி நின்ற போத்தல்களைப் பார்த்தார். பிறகு புவனேஸைத் திரும்பிப் பார்த்து, விழுந்த அன்று இவர் எவ்வளவு குடித்தார் என்று கேட்டார்.

"அது எழுதி வைச்சிருப்பார், டொக்டர். ஒவ்வொரு கோப்பையும்."

"எங்க எழுதி வைச்சிருக்கிறார்?"

"கொப்பியில. கொப்பி ஆமியிட்ட."

அந்தக் கணக்கு இருந்தால் இரண்டு நாள் காத்திருக்காமல் இன்றைக்கே துணிந்து வைத்தியம் தொடங்கலாம், இல்லாவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்ய வேண்டும் என்றாராம் டொக்டர். பிழையான பக்கம் போனால் மூளைக்குக் கேடு என்பதையும் மறைக்கவில்லை.

என் மனைவி அரசாங்கக் கச்சேரிக்குக்கூடத் தனியாகப் போகாதவள். அன்று ரத்தினத்தை இழுத்துக்கொண்டு முகாமுக்குப் போனாள். இரண்டரை மணித்தியாலம் வாசலில் நின்றார்கள். உள்ளே ஒரு அதிகாரி, தமிழ் ஓரளவு தெரிந்தவர், மேசையில் என் கொப்பியை விரித்து வைத்திருந்தார். 'பொ' யார், 'த' யார் என்று கேட்டாராம். ஆட்களின் பெயர் என்று நினைத்திருக்கிறார். பொடி, தண்ணீர் என்று அவள் சொல்ல, குடித்த தண்ணீரை எழுதிவைக்கும் மனிதன் உலகத்தில் இல்லை என்றார் அவர்.

ரத்தினம் அந்த இடத்தில் வாசல் பக்கம் திரும்பிவிட்டானாம். புவனேஸ் திரும்பவில்லை, அவளுக்குக் கோபம் வந்துவிட்டது என்று அவனே சொன்னான். கோபம் அதிகாரியில் இல்லை, என்னில்.

"ஐயா, இந்த மனுசன் கலியாணம் கட்டின நாளில இருந்து நான் போடுற தேத்தண்ணியையும் எழுதுறவர். சீனி கூடவோ குறையவோ எண்டும் எழுதுவார். வீட்டில அலுமாரி நிறைய இருவத்திரண்டு கொப்பி கிடக்கு. வாங்கோ, காட்டுறன்."

ஜீப்பில் போய்ப் பார்த்தார்கள். அலுமாரியைத் திறந்து, ஒரு சிப்பாய் கீழே இருந்து வாசிக்கத் தொடங்கினான். எங்கள் வீட்டுக் கோழிகள் இட்ட முட்டை, வருடவாரியாக. மழை. சவர அலகு மாற்றிய நாட்கள். புவனேஸின் தாய் வந்து நின்ற நாட்களும் போன நாட்களும். அரை மணித்தியாலத்தில் அதிகாரி கையைக் காட்டிப் போதும் என்றாராம். சாட்சிக்கு என்று ஒன்றை எடுத்துப் போனார்கள். பதினேழாவது கொப்பி இன்றுவரை திரும்பவில்லை. இரண்டு தடவை விசாரித்துவிட்டேன்.

நான்கு மணிக்கு அந்த அதிகாரியே வாட்டுக்கு வந்தார். எனக்குத் தெளிவாக நினைவில் உள்ள முதல் காட்சி இதுதான். டொக்டர் கொப்பியை வாங்கி விரலால் வரி வரியாகத் தொட்டு எண்ணினார். போக ஒவ்வொரு மைலுக்கும் ஒன்று, பதினைந்து. வர பதினொன்று. மொத்தம் இருபத்தாறு கோப்பை, களஞ்சியத்தில் குடித்ததைத் தவிர.

நான் வாயைத் திறந்தேன். "இருவத்தைஞ்சு."

டொக்டர் குனிந்தார். என்ன சொல்கிறீர்கள் என்றார்.

"போக பதினாலுதான். இரண்டாம் மைல்கட்டை இல்லை. விழுந்திட்டுது."

அதிகாரி கொப்பியைத் திருப்பிப் பார்த்தார். இரண்டாம் மைலுக்கு எதிரே ஒரு கோடு; கோப்பை இல்லை. அவர் சிரித்த சத்தத்தில் வாட்டே திரும்பியது. பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவர் வாங்கை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். சாவடிகளில் குடிக்க வைத்ததும் சேர்கிறதா, அப்படியென்றால் வருத்தத்தைக் கொடுத்தது நாங்களா என்று அதிகாரி டொக்டரைக் கேட்டார். டொக்டர் அட்டையில் கணக்கை எழுதத் தொடங்கினார். யாராவது பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது.

"உங்கட ஆறு வாய்தான். மிச்சம் என்ர."

வீட்டில் இதற்காக எனக்குக் கிடைத்த ஏச்சை எழுதவில்லை.

வருத்தம் என்னவென்றால் இதுதான். இரத்தத்தில் உப்பு ஒரு அளவில் நிற்க வேண்டும். நான் வியர்வையில் உப்பை விட்டேன், பிரஷர் குளிசை சிறுநீரோடு இன்னும் கொஞ்சத்தை வெளியேற்றியது, சாப்பாட்டில் சேர்க்கவில்லை, மேலே வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். சட்டியில் கறி இருக்க, அதற்குள் வாளி தண்ணீரை விட்டதுபோல. இரத்தம் சப்பென்று போனால் தண்ணீர் மூளைக்குள் ஊறுகிறது. மற்ற உறுப்பு வீங்கினால் இடம் உண்டு, மண்டையோட்டுக்குள் இடம் இல்லை. அதுதான் தலையிடி, அதுதான் பதினொரு கோப்பை, அதுதான் வலிப்பு. கூடிய உப்புள்ள சேலைனை மிக மெதுவாக ஏற்றினார்கள். அவசரப்பட்டு ஏற்றினாலும் மூளை கெடும். பழைய குளிசையை நிறுத்தினார்கள். இரண்டு நாள் கழித்து வந்த இரத்த விடையும் டொக்டர் நினைத்ததையே சொன்னது. அட்டையில் வலிப்பு நோய் என்று எழுதவில்லை.

ஆனால் வைத்தியத்தின் அடுத்த பாதி, நாளுக்கு ஒரு லீற்றருக்கு மேல் எந்த வடிவத்திலும் குடிக்கக் கூடாது. ஆவணி வெயில், வாட்டில் ஓடாத மின்விசிறி, ஒரு லீற்றர். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு உண்மையான தாகம் வந்தது. அதற்கு மருந்தில்லை. கட்டில் தலைமாட்டில் மூன்று மொழியிலும் எழுதித் தொங்கவிட்டார்கள். வருகிற ஒவ்வொருவரும் அதை வாசித்துவிட்டு, "இது கொஞ்சம்தானே" என்று போத்தலைத் திறந்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவைச் சேர்ந்த காசிம், மீன்பிடிகாரர், சிறுநீரகக் கல். அவருக்கு டொக்டர் இட்ட கட்டளை நாளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் கட்டாயம். மனிதர் செம்பைப் பார்த்து அழாக்குறை. நான் அவருடைய செம்பைப் பார்த்து அழாக்குறை.

"சேர், உங்கட டொக்டரும் என்ர டொக்டரும் ஒராள்தானே," என்றார் ஒரு மத்தியானம். "உங்கட கட்டிலுக்கு நான் வாறன், என்ர கட்டிலுக்கு நீங்க போங்க. அட்டை அப்பிடியே கிடக்கட்டும்."

சிரித்தேன். சிரித்ததில் உதடு வெடித்து இரத்தம் வந்தது. காசிம் குடிக்கும்போதெல்லாம் மறுபக்கம் திரும்பிக் குடித்தார். சொல்லாமல் செய்தார். அந்த ஒன்பது நாளில் எனக்கு எவரும் செய்த பெரிய உபகாரம் அது. இன்னொன்று, புவனேஸ் என் ஒரு லீற்றரைக் கரண்டியால் அளந்து பிரித்து, வெள்ளைத் துணியை நனைத்து உதட்டில் ஒற்றியது. எத்தனை கரண்டி என்று அவளே ஒரு கடதாசியில் எழுதினாள். எழுத்து கோணல், கூட்டல் சரி.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடும் நாளில் டொக்டரிடம், இறுதியாகச் சொல்லுங்கள், தண்ணீரா பொடியா என்று கேட்டேன். ரத்தினம் முன்னுக்கு வந்து நின்றான். பொடியில் சீனிதான் கூட, உப்பு கொஞ்சம், அதை இருபத்தைந்து கோப்பை குடித்திருந்தாலும் விழுந்திருப்பீர்கள் என்றார். ஒரு மணித்தியால ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும். இரண்டு மணித்தியாலம் வெயிலில் வியர்த்தால் புவனேஸ் சொன்ன தேசிக்காய்த் தண்ணீர்: ஒரு லீற்றருக்கு மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சீனி. பிரஷருக்காகச் சாப்பாட்டில் உப்பு குறைவு, பூச்சியம் இல்லை.

"எப்ப குடிக்கிறது?" என்றேன்.

"தாகம் எடுத்தால்."

"அதுக்கு ஒரு அளவு?"

"தாகம்தான் அளவு, ஐயா."

ரத்தினம் வழி முழுக்க, பொடியிலும் உப்பு இருக்கிறது என்று டொக்டரே ஒத்துக்கொண்டார் என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

டொக்டர் ஒரு கடிதமும் தந்தார், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்: இந்த நோயாளியைத் தேவையில்லாமல் குடிக்க வைக்க வேண்டாம். நேற்று முன்தினம் மறுபடி வேலைக்குப் போனேன். கடிதம் முதலாம் சாவடியில் மூன்று கை மாறியது. பதினாறு நிமிடம் வெயிலில் நின்றேன். இரண்டாம் சாவடியில் அதை மேலிடத்துக்கு அனுப்பப் போனார்கள். நானே வேண்டாம் என்று சொல்லி ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுப் போனேன். உப்புத் தண்ணீர் வியர்வையோடு கலந்து தொண்டைக்குள் இறங்கியது.

மூன்றாம் சாவடியில் அதே இளம் சிப்பாய். நான் சட்டைப்பையிலிருந்து திறப்புக்கோர்வையை எடுத்து நீட்டினேன். வாங்கி எண்ணிப் பார்த்தான்.

"பெட்டி உடைச்சது, மாத்தயா," என்றான் மரியாதையாக. திறப்பு என்னிடம் போனதால் தன் பெட்டியின் பூட்டை உடைத்திருக்கிறான். மன்னிக்கச் சொன்னேன். பரவாயில்லை என்று தலையை ஆட்டிவிட்டு, வழமைபோலப் போத்தலைக் கேட்டான். நான் கடிதத்தை எடுத்தேன். அவன் அதை வாங்கவில்லை. போத்தலை வாங்கி மூடியைத் திறந்தான்.

"நீங்க குடிக்க வேணாம்," என்றான். அண்ணாந்து தானே குடித்தான். நான்கு மடக்கு. வாயைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திருகினான்.

"உப்பு கூட."

மட்டமாக அரைத் தேக்கரண்டி, என் கண் முன்னால் அளந்தது. சொல்ல வாயெடுத்தேன், அவன் கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டான். திரும்பி வரும்போதும் அவனே நின்றான், திரும்பவும் நான்கு மடக்கு. தம்பலகாமத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் எனக்குக் குறைந்துபோனது ஒன்றேகால் கோப்பை.

நேற்றிலிருந்து இரண்டு போத்தல் கொண்டுபோகிறேன். புதுக் கொப்பியில் ஒரு போத்தலைத்தான் எழுதுகிறேன். மற்றதை எழுதினால், யார் குடித்தது என்று யாராவது அவனைக் கேட்பார்கள்.